ஒரு முழம் ஐஸ், 47 கிராம் மீன்

21 பிப்ரவரி 2023, செவ்வாய்

பெட்டி வரவில்லை. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. அடுத்த மூன்று நாட்கள் நான் போட்டிருந்த உடுப்பில் பாதி என்னுடையது இல்லை. தெர்மல் சட்டை, கம்பளிக் காலுறை, அக்கா தன் மகனுக்குக் கட்டிக் கொடுத்த இட்லிப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய் எல்லாம் எந்த ஊரில் இறங்கிக்கொண்டனவோ. பின்லாந்தின் தலைநகர் ஹெல்சின்கியில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ‘வரும்’ என்றார்கள். எப்போது என்று கேட்டதற்கும் அதே பதில்.

அங்கிருந்து குவோப்பியோவுக்கு ரயிலில் நாலரை மணி நேரம். ஜன்னலுக்கு வெளியே மரம், வெள்ளை, மரம், வெள்ளை. நடுநடுவே மரமே இல்லாத பெரிய வெள்ளை வந்தால் அது ஏரி என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. ரயிலில் நாலு பேர் உட்காரும் இடத்தில் ஒருவர் இருந்தால் அடுத்தவர் அங்கே உட்காருவதில்லை, நின்றுகொண்டே வருகிறார். முதலில் எனக்காகத்தான் அப்படிச் செய்கிறார்களோ என்று கோபம் வந்தது. பிறகு பார்த்தால் அவர்களுக்குள்ளேயும் அப்படித்தான்.

ஸ்டேஷனில் அக்கா மகன் காத்திருந்தான். இங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறான், இது அவனுக்கு மூன்றாவது குளிர்காலம். மைனஸ் 16. குளிர் தோலில் படுவதற்கு முன்னால் மூக்குக்குள் தெரிகிறது. உள்ளே இருக்கும் மயிர் விறைத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. என் கோலத்தைப் பார்த்து, “மாமா, இதோடவா வந்தீங்க?” என்றான்.

அவன் வீட்டுக்கு எதிர்வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பெரியவர். எழுபத்து நாலு வயது, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அக்கா மகன் படிக்கட்டில் அவரிடம் பெட்டி விஷயத்தை ஃபின்னிஷில் சொன்னான். அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் கால் முதல் கழுத்து வரை ஒரே துண்டாகப் போடும் கனத்த உடுப்பும், முழங்கால் வரை வரும் பூட்ஸும் இருந்தன. என் கையில் வைத்தார், கதவைச் சாத்திக்கொண்டார்.

“நாளைக்குப் புதன்கிழமை. அவர் பில்க்கிப் போட்டிக்குப் போவார். நாமும் வரணுமாம் மாமா.”

“எப்போடா சொன்னார்?”

“அந்த பூட்ஸைக் கொடுத்தாரே, அதுதான்.”

பில்க்கி என்றால் உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிப்பது. இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு ஜனவரியிலிருந்து ஐஸ் தாங்கும் வரை புதன்தோறும் போட்டி உண்டாம்.

இன்று இங்கே ஏதோ நோன்புக்கு முந்தின செவ்வாய். பட்டாணி சூப்பும், நடுவில் வெட்டிப் பாலாடைக்கூழ் அடைத்த ஏலக்காய் பன்னும் சாப்பிட வேண்டிய நாள். பன் ஒன்று நாலரை யூரோ. நானூறு ரூபாய்க்கு ஐந்து ரூபாய்தான் குறைவு. ஏலக்காய் வாசனைக்காக மன்னித்தேன்.

22 பிப்ரவரி, புதன்

காலை ஒன்பதரைக்குப் பெரியவர் காரில் ஏரிக்கரை. ஏரியின் பெயர் கல்லவேசி. ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் அதன் ஏதோ ஒரு விரல் நீண்டுகொண்டு வந்து நிற்கிறது. கரையில் மூன்று பக்கம் மரத்தால் அடைத்து ஒரு பக்கம் திறந்த ஒரு குடில், லாவு என்கிறார்கள். எதிரே நெருப்பு எரிந்தது. பக்கத்தில் ஒரு மடக்கு மேசை, மேசைமேல் எலக்ட்ரானிக் தராசு, தராசுக்குப் பின்னால் ஒரு அம்மா. முப்பது முப்பத்தைந்து பேர் இருப்பார்கள். பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள், நாலில் ஒருவர் பெண். யாரும் யாரோடும் பேசவில்லை.

ஆளுக்கு 5 யூரோ கட்டணம். என் பெயரில் ஒரு ழ இருக்கிறது. நம்மூரிலேயே பாதிப் பேர் அதை ள ஆக்கிவிடுவார்கள், அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியாது. இரண்டு முறை எழுதி அடித்துவிட்டு, கடைசியில் ‘இந்தியா 1’ என்று எழுதிக்கொண்டார். அக்கா மகன் ‘இந்தியா 2’.

பெரியவர் என் கழுத்தைப் பார்த்தார், ஒன்றும் தொங்கவில்லை. தன் பையிலிருந்து ஒரு கயிற்றை எடுத்து மாட்டிவிட்டார். கயிற்றின் இரு முனையிலும் மரப்பிடி போட்ட இரும்பு முள். ஐஸ் உடைந்து உள்ளே விழுந்தால் வந்த திசைக்கே திரும்பு, ஏனென்றால் அந்தப் பக்கத்து ஐஸ் உன்னைத் தாங்கியிருக்கிறது. இரண்டு முள்ளையும் ஐஸில் குத்து, காலை நீச்சலடிப்பதுபோல் உதை, மேலே வந்ததும் எழுந்து நிற்காதே, உருண்டு போ. இவ்வளவையும் அவர் சைகையிலேயே காட்டினார், உருளுவது உட்பட. கரையில் எழுபத்து நாலு வயது மனிதர் உருண்டுகொண்டிருக்க, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆண்டுதோறும் புதியவர் யாருக்காவது அவர் உருண்டு காட்டியிருப்பார் போல.

பத்து மணிக்கு விசில். சொர்க்கவாசல் திறந்ததுபோல எல்லோரும் ஒரே நேரத்தில் ஐஸில் இறங்கினார்கள், ஆனால் சத்தமே இல்லாமல். ஓடக்கூடாது என்பது விதி. அதனால் ஓட்டத்துக்கு ஒரு மயிரிழை குறைவான வேகத்தில் நடக்கிறார்கள். பின்னாலிருந்து பார்க்க வாத்துக் கூட்டம்.

துளை போடும் கருவிக்குக் காய்ரா என்று பெயர். நம் தச்சர்களின் துளைக்கருவியை இடுப்பு உயரத்துக்கு வளர்த்ததுபோல் இருக்கும். கையால்தான் சுற்ற வேண்டும், இந்தப் போட்டியில் மோட்டார் கூடாது. ஐஸ் எவ்வளவு தடிமன் என்று கையை விட்டுப் பார்த்தேன். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை, சரியாக ஒரு முழம். பூக்கடைக்கு அப்புறம் அந்த அளவு இங்கேதான் உதவியது. தெளிந்த ஐஸ் 10 சென்டிமீட்டர் இருந்தாலே ஆள் தைரியமாக நடக்கலாமாம். அதைக் கேட்டும் என் கால் நம்பவில்லை.

தூண்டில் ஒரு முழம்கூட இல்லை, குழந்தை விளையாட்டுச் சாமான் மாதிரி. நரம்பு தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். நுனியில் அரிசி மணி அளவு உலோகக் குண்டு, அதில் முள், முள்ளில் ஈப்புழு. புழு உறைந்துவிட்டால் மீன் தொடாது என்பதால் அதைச் சூடாக வைத்திருக்க வேண்டும். பெரியவர் எங்கே வைத்திருந்தார் என்று பார்த்தேன். கீழுதட்டுக்கும் பல்லுக்கும் நடுவில். ஒன்றை எடுத்து முள்ளில் குத்தினார், அடுத்ததை உள்ளே வைத்தார். நான் என் டப்பாவை அக்குளுக்குள் வைத்துக்கொண்டேன்.

நூலை இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை துளையின் மேல் ஆடை படிகிறது. அதை எடுக்கத் தருவது சாட்சாத் நம் ஜல்லிக்கரண்டி. வடை எடுக்கும் அதே லாவகம் போதும். அரை மணியில் கால்விரல் மரத்தது. அப்போதுதான் ஏரி முனகியது. தூரத்தில் தொடங்கி, கால் அடியில் ஓடி, மறுகரைக்குப் போகும் நீளமான சத்தம். பெரிய இரும்புக் கம்பியைத் தட்டியதுபோல. நான் எழுந்துவிட்டேன். “ஒண்ணுமில்ல மாமா, குளிர்ல ஐஸ் இறுகுது. சத்தம் போட்டா நல்லதுதான்” என்றான் அக்கா மகன். அவனும் பாதி எழுந்திருந்தான்.

ஒரு மணி நேரம் கழித்துத்தான் ஒன்று கவனித்தேன். உட்கார்ந்திருந்தது நாங்கள் இருவர் மட்டும். மற்ற எல்லோரும் நடந்துகொண்டே இருந்தார்கள். ஒரு துளை, இரண்டு நிமிடம், கடிக்கவில்லையா, பத்தடி தள்ளி இன்னொரு துளை. இங்கே முக்கியமாகக் கிடைப்பது அஹ்வென் என்ற மீன். பச்சை உடம்பு, கறுப்புப் பட்டை, சிவந்த துடுப்பு, முதுகில் நம் பனையேறிக் கெண்டைபோல முள். அது கூட்டமாகத் திரியும், குளிரில் சோம்பலாகிவிடும், உன்னைத் தேடி வராது, நீதான் தேடிப் போக வேண்டும். பெரியவர் அன்று 43 துளை போட்டார். நாங்கள் இரண்டு. ஐஸில் மீன்பிடிப்பது சும்மா உட்காருவதற்கு ஒரு சாக்கு என்று ஊரிலிருந்தே ஒரு எண்ணத்தோடு வந்திருந்தேன்.

ஒரு மணிக்குள் எல்லைக் கோட்டுக்குள் வந்துவிட வேண்டும். என் நரம்பு சிக்கிக்கொண்டு, அது அப்படியே உறைந்து, அதைக் கையுறையோடு பிரிக்கப் பார்த்து, கையுறையைக் கழற்றிப் பிரிக்கப் பார்த்து, கடைசியில் அள்ளிப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தபோது மணி 1.04. தராசு அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு பெரியவர்களைக் கூப்பிட்டார். மூவரும் தாழ்ந்த குரலில் ஆலோசித்தார்கள். பிறகு எங்கள் பைகளைத் திறக்கச் சொன்னார். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத இரண்டு பையும் தாமதமாக வந்ததால் தகுதி நீக்கம் செய்யப்பட்டன. பட்டியலில் எங்கள் பெயருக்கு எதிரே ‘ஹ்யுல்’ என்று எழுதினார். நிராகரிக்கப்பட்டது என்பதன் சுருக்கம். வெறும் சுழியம் போட்டிருந்தால் என்ன குறைந்துவிடும் என்று அக்கா மகனிடம் முணுமுணுத்தேன். “சுழியம் நேரத்துக்கு வந்தவங்களுக்கு மாமா” என்றான்.

மீனை நிறுப்பதைப் பார்க்க வேண்டும். பையிலிருந்து தட்டில் கொட்டி, ஒட்டியிருக்கும் பனியைத் தட்டி உதறி, கிராம் கணக்கில். முதல் பரிசு 2,846 கிராம், சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பாட்டி. இரண்டாவது 2,839. ஏழு கிராம் வித்தியாசம். இரண்டாவது வந்தவர் இன்னொரு முறை நிறுக்கச் சொல்லவும் இல்லை, முகத்தைச் சுளிக்கவும் இல்லை. நம்மூர் ரேஷன் கடையில் இதைவிடக் கூடுதலாகக் காற்றில் போகும். பரிசு என்ன தெரியுமா? அரைக்கிலோ காப்பித்தூள் பாக்கெட்.

அதற்குப் பிறகுதான் பேச்சே தொடங்கியது. நெருப்பில் குச்சியில் குத்திச் சுட்ட தொத்திறைச்சியும் கடுகுச் சாந்தும், காப்பியும். காப்பி வெளிர் நிறம். வறுக்கும்போதே பயந்து இறக்கியதுபோல. உலகத்தில் அதிகமாகக் காப்பி குடிப்பவர்களில் இவர்கள் முன்வரிசையாம். இதைக் குடித்தால் அத்தனை கப் தேவைப்படத்தான் செய்யும்.

23 பிப்ரவரி, வியாழன்

உடம்பெல்லாம் வலி. இரண்டு துளைக்கே.

பல்கலைக்கழகக் கேன்டீனில் மறுபடி பட்டாணி சூப். இது செவ்வாய்க்கிழமைக்கு இல்லை, வியாழக்கிழமைக்கு. வியாழன் என்றால் பட்டாணி சூப்பும் அப்பமும், பின்லாந்து முழுக்க அப்படித்தானாம். கடுகுச் சாந்தைக் கலந்தால் தாளிக்காத பருப்பு. பெருங்காயம் இருந்தால் நம் வீடு.

மாலையில் மீன்பிடிச் சாமான் கடை. காய்ரா நூறு யூரோவுக்கு மேல். ஒரு டப்பா புழு மட்டும் வாங்கினேன், மூன்று யூரோ. லைசென்ஸ் வேண்டாமா என்று கேட்டேன். வேண்டாம். வலை, சுழல் தூண்டில் என்றால் ஆண்டுக்கட்டணம் உண்டு. சாதாரணத் தூண்டிலும் ஐஸ் துளையும் இங்கே யாருக்கும் உள்ள உரிமை, காட்டில் பழம் பறிப்பதுபோல. நேற்று வந்த எனக்கும் சேர்த்துத்தான். போட்டி நடத்தத்தான் ஏரிப் பங்குக்காரர்களிடம் அனுமதி வாங்க வேண்டும்.

24 பிப்ரவரி, வெள்ளி

பெட்டி வந்தது! ஊறுகாய் பாட்டில் உடையவில்லை. அக்கா சுற்றிய சுற்று அப்படி.

அதே மாலை கதவுக் கைப்பிடியில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. உள்ளே தோலுரித்து முள்ளெடுத்த அஹ்வென் துண்டுகள், இருபது இருக்கும். யார் வைத்தது என்று கேட்கவே வேண்டாம். இங்கே கம்பு மாவில் புரட்டி வெண்ணெயில் பொரிப்பார்கள். (கம்பு என்றால் நம் கம்பு இல்லை, ரை என்கிற வேறு தானியம்.) நான் மிளகாய்த்தூள், மஞ்சள், எலுமிச்சை போட்டு ஊறவைத்துப் பொரித்தேன். மீன் இனிப்பாக, கெட்டியாக, வாடையே இல்லாமல் இருந்தது. ஏரி மீன் என்றால் சேற்று வாடை என்று நினைக்கும் எனக்கு இது புதிது.

ஒரு தட்டு எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். பெரியவர் நின்றபடியே ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் தின்று முடித்தார். இருமவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது ஏதோ சொன்னார். அக்கா மகன் சிரித்தபடி மொழிபெயர்த்தான்: “இதில் மீனும் இருந்ததா என்று கேட்கிறார்.”

இந்தப் பகுதிக்கு சாவோ என்று பெயர். சாவோக்காரர் ஒன்று சொன்னால் அதற்குப் பொறுப்பு கேட்பவருடையது என்று பின்லாந்தில் சொல்வழக்கு உண்டாம். அது பாராட்டா குத்தலா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

25 பிப்ரவரி, சனி

பெரியவரே காரில் அழைத்துப் போனார், தென்கிழக்கே வெஹ்மெர்சால்மி பக்கம். சுவாஸ்வேசி என்ற ஏரி. பார்க்க மற்ற வெள்ளைகளைப் போல இன்னொரு வெள்ளை. ஆனால் இதன் அடியில் விண்கல் விழுந்த இரண்டு பள்ளங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, ஒவ்வொன்றும் சுமார் 4 கிலோமீட்டர் அகலம். ஒரே நேரத்தில் இரட்டைக் கல்லாக விழுந்தவை என்றுதான் எண்ணத் தோன்றும். பாறையை ஆராய்ந்தபோது ஒன்று சுமார் 85 மில்லியன் ஆண்டுகளுக்கு முன், மற்றது சுமார் 710 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் விழுந்தது என்று தெரிந்ததாம். அறுநூறு மில்லியன் ஆண்டுகளுக்கும் மேல் இடைவெளி விட்டு, இவ்வளவு பெரிய பூமியில், அதே இடத்துக்குப் பக்கத்தில்.

பெரியவருக்கு இதெல்லாம் தெரிந்திருந்தது. ஆனால் அவர் காரை நிறுத்தியது அதற்காக இல்லை. வடக்குப் பள்ளத்தின் மேல் இரண்டு பேர் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். என்ன கடிக்கிறது என்று விசாரிக்கத்தான். ஒன்றும் கடிக்கவில்லை.

26 பிப்ரவரி, ஞாயிறு

அடுக்குமாடிக்குப் பொதுவாக அடித்தளத்தில் ஒரு சௌனா, உட்கார்ந்து வியர்ப்பதற்கான வெந்நீராவி அறை. ஒவ்வொரு வீட்டுக்கும் வாரத்தில் ஒரு மணி நேரம் முறை. அக்கா மகனின் முறை ஞாயிறு ஏழு மணி. பதினொரு நிமிடம் தாங்கினேன். சித்திரை மாதத்து டவுன் பஸ்ஸில் நடுவழியில் நின்ற அனுபவம் உள்ளவனுக்கு அது பெரிதல்ல.

வேறொன்றும் செய்யவில்லை. நாள் முழுக்கப் பனி கொட்டியது.

27 பிப்ரவரி, திங்கள்

ஊர் நடுவே சந்தைத் திடல். உள்ளூர்க்காரர்கள் இதை உலகத்தின் தொப்புள் என்கிறார்கள், கேலி பாதி, நம்பிக்கை பாதி. ஓரத்தில் 1902இல் கட்டிய சந்தைக் கட்டடம். அங்கே கலகுக்கோ வாங்கினேன். ரை மாவில் தடித்த கூடு செய்து, உள்ளே முய்க்கு என்ற பொடிமீனும் பன்றிக் கொழுப்பும் அடைத்து, மணிக்கணக்கில் மெல்லிய சூட்டில் வேகவைப்பது. மீன் முள்ளெல்லாம் கரைந்துவிடும். காட்டு வேலைக்கும் வயல் வேலைக்கும் கட்டிக்கொண்டு போகிற சோறு, பாத்திரமும் அதுவே. கட்டுச்சோறு என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமானதை நான் பார்த்ததில்லை. சின்னது ஒன்று 13 யூரோ. தனியாகச் சாப்பிட்டால் மண்சுவர் தின்பதுபோல் இருந்தது. நார்த்தங்காய் ஊறுகாயோடு இரண்டு பேர் முழுவதையும் முடித்துவிட்டோம்.

28 பிப்ரவரி, செவ்வாய்

பெரியவர் காலையில் கதவைத் தட்டினார். கையில் இரண்டு காய்ரா. அக்கா மகன் ஆய்வகத்துக்குப் போய்விட்டான், எங்களுக்குள் பொதுமொழி கிடையாது. வீட்டுக்குப் பின்னாலேயே ஏரி. போனோம்.

நான் காய்ராவைக் கையால் தள்ளித் தள்ளிச் சுற்றியதுதான் தப்பு. மேல்பிடியை மார்போடு அணைத்து, உடம்புப் பாரத்தை அதன்மேல் விட்டுவிட்டு, கையைச் சும்மா சுழற்றினால் போதும். தாமிரபரணியில் மண்புழுவும் தக்கையும் போட்டு உட்கார்ந்த பையன்தான் நானும். அங்கே தக்கை சொல்லும், இங்கே தூண்டில் நுனியில் இருக்கும் ஒரு சின்ன வளையும் கம்பி சொல்கிறது. அது தாழ்ந்தால் மட்டுமல்ல, நிமிர்ந்தாலும் மீன்தான், கீழேயிருந்து இரையைத் தூக்கியிருக்கிறது. இதை அவர் என் விரலைப் பிடித்துத் தாழ்த்தியும் உயர்த்தியும் காட்டினார். வியர்க்கக் கூடாது என்பது இன்னொரு பாடம். வியர்த்தால் அது உள்ளேயே குளிர்ந்து ஆளைக் கொல்லும், அதனால் நடக்கும்போது பொத்தானைத் திற, நின்றால் மூடு. இரண்டு மணி நேரத்தில் என்னைத் திட்டியது ஒருமுறைதான், துளைக்குப் பக்கத்தில் நான் தொம்தொம்மென்று நடந்தபோது.

பன்னிரண்டு துளை போட்டேன். மீன் இல்லை. ஆனால் அவர், “நோ நீன்” என்றார். இந்தச் சொல்லுக்கு ‘சரி’, ‘தொடங்கலாம்’, ‘முடிந்தது’, ‘அடடா’, ‘பரவாயில்லை’ எல்லாம் பொருள். நம் ‘சரி’யைப் போலவே. எனக்குக் கிடைத்தது எந்தப் பொருளில் என்று கேட்க ஆள் இல்லை.

1 மார்ச், புதன்

அக்கா மகனுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நான் மட்டும். மைனஸ் 3 என்பதால் ஊரே கோடைபோல் இருந்தது, ஒருவர் கையுறை இல்லாமல் நின்றார். தராசு அம்மா என்னைப் பார்த்ததும் கேட்காமலே ‘இந்தியா 1’ என்று எழுதி, தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். சிரிக்கவில்லை.

விசில். வாத்து நடை எனக்கும் வந்துவிட்டது. கூட்டம் வலது பக்கம் போனது. பெரியவர் இடது பக்கம் நாணல் தெரிந்த மூலைக்குப் போனார். நான் அவர் பின்னால் போய், மரியாதையான தூரம் விட்டு, என் முதல் துளையைப் போட்டேன். இவர்களிடம் அந்தத் தூரம் முக்கியம். அடுத்தவர் துளைக்குப் பக்கத்தில் துளை போடுவது அடுத்தவர் இலையில் கை வைப்பதுபோல.

பதினாலாவது துளையில் அந்தக் கம்பி நிமிர்ந்தது. தாழவில்லை, நிமிர்ந்தது. நேற்று என் விரலை உயர்த்திக் காட்டியிருக்காவிட்டால் காற்று என்று விட்டிருப்பேன். இழுத்தேன். பாரமே இல்லை. துளைக்கு வெளியே வந்தது விரல் நீளத்தில் ஒரு பழுப்பு மீன், உடம்பெல்லாம் வழவழ, முதுகெல்லாம் முள், முகத்தில் அளவுக்கு மீறிய கண். கீஸ்கி. சூப்புக்குத் தவிர வேறு எதற்கும் இங்கே யாரும் அதை மதிப்பதில்லை. பெரியவர் தூரத்திலிருந்து பார்த்தார், தலையை ஒரு அங்குலம் ஆட்டினார். நான் ஐஸில் மண்டியிட்டு, அறுபத்தொரு வயதில், சத்தமில்லாமல் இரண்டு கையையும் தூக்கினேன்.

அதே துளையில் இன்னும் மூன்று கீஸ்கி. அப்புறம் போய்விட்டன. நாலு மீனும் ஐஸில் ஐந்து நிமிடத்தில் விறைத்துப் பென்சில்போல ஆகிவிட்டன. போட்டோ எடுக்கலாம் என்று போனை எடுத்தேன். 60 சதவீதம் காட்டியது, அடுத்த நொடி அணைந்தது. குளிரில் பேட்டரி இப்படித்தானாம். ஆகவே சாட்சி இல்லை, தராசு மட்டும்தான்.

12.40க்கே கோட்டுக்குள் வந்து நின்றேன். எனக்கு முன்னால் ஒருவர் 3 கிலோவுக்கு மேல் கொட்டினார். என் முறை. தட்டில் நாலு பென்சில் விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டிருக்கும். தராசு அம்மா அவருடைய மீனுக்குச் செய்த அதே பொறுமையோடு என் மீன்களிலிருந்து பனியைத் தட்டினார். ஒரு கீஸ்கியின் செவுளில் ஒட்டியிருந்த ஐஸை நகத்தால் கிள்ளி எடுத்தார். எண் நிலைக்கும் வரை காத்திருந்தார். பிறகு உரக்கப் படித்தார்: 47 கிராம். யாரும் சிரிக்கவில்லை. பின்னால் நின்றவர், போன வாரம் ஏழு கிராமில் முதலிடத்தை விட்டவர், ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார்: “எந்த ஆழத்தில்?” கேலி என்று நினைத்து அவர் முகத்தைப் பார்த்தேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எத்தனை கை நூல் விட்டேன் என்று காட்டினேன். தலையாட்டினார்.

கடைசியில் குலுக்கல், அதில் எல்லோர் சீட்டும் உண்டு. எனக்கு விழுந்தது ஒரு வளையம் தொத்திறைச்சி. வீட்டில் அக்கா மகன் மட்டும்தான் தின்பான். பெரியவர் அன்று ஐந்தாவது.

2 மார்ச், வியாழன்

காலை ரயில். உடுப்பையும் பூட்ஸையும் துடைத்து மடித்து எதிர்வீட்டில் கொடுத்தேன், மேலே மீதி ஊறுகாய் பாட்டிலையும் வைத்தேன். பெரியவர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், மூடியைத் திறந்து மோந்தார். பிறகு கழுத்தில் மாட்டும் அந்த முள்கயிற்றை மட்டும் என் கையில் திருப்பி வைத்தார். எங்கள் ஊரில் ஐஸ் கிடையாது என்று அக்கா மகனை விட்டுச் சொன்னேன். தெரியும் என்றாராம். பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிவிடக் கூடாதே என்று பெட்டிக்குள் போட்டு அனுப்பினேன். இந்தத் தடவை பெட்டி என்னோடேயே வந்தது.

பின்குறிப்பு, ஏப்ரல்

அக்கா மகன் ஒரு போட்டோ அனுப்பியிருக்கிறான். லாவுவின் சுவரில் ஒட்டிய, பருவம் முழுவதற்குமான பட்டியல். புதன்கிழமைகள் மேலே வரிசையாக, பெயர்கள் இடப்பக்கம், ஒவ்வொரு கட்டத்திலும் கிராம், கடைசியில் மொத்தம். சிவப்புத் தொப்பிப் பாட்டிதான் முதல். பெரியவர் ஒன்பதாவது. கீழே போனால், கடைசிக்கு முந்தின வரி: இந்தியா 1. ஒரு கட்டத்தில் ஹ்யுல், அடுத்ததில் 47, மற்றவை காலி. மொத்தம் 47.

“மாமா, நீங்க கடைசி இல்ல” என்று எழுதியிருந்தான்.

கடைசி வரியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இந்தியா 2.